சொல் விளக்கம்: உணவுப் பகிர்வகம்

இல்லாதவர்களுக்கு உணவு கிடைக்கச் செய்யும் 'ஃபுட் பேங்க்'கை, கனடா, பிரிட்டன் பற்றிய தமிழ்ச் செய்திகளில் 'உணவு வங்கி' என்று படித்துப் படித்து அலுத்துவிட்டது. அதைத் தூய தமிழாக்குகிறேன் என்று 'உணவு வைப்பகம்' எழுதுபவர்களும் இருக்கிறார்கள். முதலாவது சொல் பாதித் தவறு. இரண்டாவது முழுத் தவறு.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1967இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கிய செயின்ட் மேரிஸ் ஃபுட் பேங்க்தான் இந்த வகையில் முன்னோடி. கடைகளில் மிஞ்சுவதைப் போட்டுவைக்கவும் இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ளவும் ஓர் இடம், பணத்துக்கு வங்கி இருப்பதுபோல. 'பேங்க்' என்பது காசு மாற்றுவோரின் பலகையைக் குறித்த இத்தாலியச் சொல்லின் வழி வந்தது. அந்த ஒலியைத் தமிழுக்கு வளைத்ததுதான் 'வங்கி'.

அமெரிக்காவில் ஃபுட் பேங்க் என்றால் பெரும்பாலும் கிடங்கு. லாரியில் வந்து இறங்கும் சரக்கைப் பிரித்து, தேவாலயங்களும் தொண்டு அமைப்புகளும் நடத்தும் சிறு இடங்களுக்கு அனுப்புவார்கள். பசித்தவர் போய் நிற்பது அந்தச் சிறு இடத்தில். அதற்கு அங்கே ஃபுட் பேன்ட்ரி என்று வேறு பெயர். பிரிட்டனில் அப்படி இல்லை. ட்ரஸ்ஸல் என்ற தொண்டு அமைப்பு 2000இல் சாலிஸ்பரியில் தொடங்கியதும் சரி, பிறகு ஊர் ஊராகப் பரவியவையும் சரி, மக்கள் நேரில் வந்து பை வாங்கும் இடத்துக்கே ஃபுட் பேங்க் என்று பெயர். ஆங்கிலத்தில் சொல் ஒன்று, பொருள் இரண்டு. நம் மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லைப் பார்க்கிறார்கள், இடத்தைப் பார்ப்பதில்லை.

கிடங்குக்கு 'உணவு வங்கி' இருந்துவிட்டுப் போகட்டும். அக்கம்பக்கத்தார் கூடும் இடத்துக்கு அது ஒட்டாது. வங்கி என்றால் நம் மக்களுக்குக் கடன், வட்டி, ஜாமீன். புதிதாகக் குடியேறிய ஒரு வயதான அம்மா துண்டறிக்கையில் இதைப் படித்தால், வாங்கிய அரிசியைத் திருப்பித் தரவேண்டுமோ என்று தயங்க மாட்டாரா?

'ரத்த வங்கி' இருக்கிறதே என்பார்கள். அங்கே கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. அதனால் அந்தச் சொல் அங்கே பொருந்துகிறது. இங்கே பரிந்துரைச் சீட்டோடு வருபவரை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, வேலை போயிற்றா, வாடகை பாக்கியா என்று பேசி, யாரைப் போய்ப் பார்க்கலாம் என்றும் சொல்லி அனுப்புகிறார்கள். ஒரு காலத்தில் பை வாங்கியவரே பிறகு பை கட்டித் தருபவராக நிற்பதும் உண்டு. டொராண்டோவில் உள்ள 'தி ஸ்டாப்' என்ற சமூக உணவு மையம், உணவுப் பை கொடுப்பதில் தொடங்கி, சேர்ந்து சமைக்கும் சமையற்கூடம், காய்கறித் தோட்டம் என்று விரிந்தது. ஒரே தெருவில் பெயர் தெரியாமல் வாழ்ந்தவர்கள் அங்கே சேர்ந்து வெங்காயம் நறுக்குகிறார்கள். 'வங்கி' இதில் எதைச் சொல்கிறது?

சரி, 'வைப்பகம்'? வைப்பு என்றால் வைத்திருப்பது. இங்கே வேலையே உணவு கெடுவதற்குள் கைமாற்றுவதுதான். வைப்பகக்காரர்கள் குறளைத் துணைக்கு அழைக்கலாம்: "அற்றார் அழிபசி தீர்த்தல் அஃதொருவன் பெற்றான் பொருள்வைப் புழி." ஆனால் வள்ளுவர் 'வைப்புழி', அதாவது பொருளைச் சேமித்து வைக்கும் இடம், என்றது பசி தீர்க்கும் செயலை. கட்டடத்தையோ அலமாரியையோ அல்ல. அடுத்த குறளிலேயே 'பாத்தூண்' வருகிறது, அதாவது பகுத்து உண்ணுதல். எனக்கு வேண்டிய பொருள் அதில் இருக்கிறது. இன்று அதை அப்படியே எழுதினால் உரை தேவைப்படும் என்பதால் 'உணவுப் பகிர்வகம்' என்கிறேன். 'அன்னதான மையம்' வேண்டவே வேண்டாம். தானம் என்றதும் கொடுப்பவர் கை மேலே போய்விடுகிறது, வாங்குபவர் தலை குனிந்துவிடுகிறது.

மொழிபெயர்ப்பவர்கள் எழுதும் முன் ஒன்றைக் கேட்டுக்கொண்டால் போதும்: அந்த இடத்தில் பசித்தவர் நேரில் வந்து நிற்கிறாரா? நின்றால் பகிர்வகம். லாரிதான் வந்து நிற்கிறது என்றால் அது கிடங்கு, 'உணவு வங்கி' என்றே எழுதலாம். அப்புறம், அங்கே வருபவர்களை 'பயனாளிகள்' என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். 'வந்தவர்கள்' என்றாலே எல்லாருக்கும் புரியும்.