கிட்னி கொடுப்பவரை எப்படி ஆபரேஷன் செய்கிறோம்?

"விலா எலும்ப வெட்டுவாங்களாமே சார்?" முக்கூடல், கடையம் பக்கமிருந்து மகனுக்குக் கிட்னி கொடுக்க வரும் அம்மாக்கள் தங்களுக்கென்று கேட்கும் கேள்வி பெரும்பாலும் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் மகனைப் பற்றியே இருக்கும். நல்ல உடம்போடு வந்து, தனக்காக இல்லாத ஒரு பெரிய ஆபரேஷனுக்குப் படுக்கிற அவர்களுக்கு இதை உட்கார வைத்து விளக்குவது எங்கள் கடமை.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. பழைய முறையில் இடுப்புக்கு மேலே, கடைசி விலா எலும்பை ஒட்டி 15 முதல் 20 செ.மீ. வரை கீறுவோம். சில நேரம் எலும்பில் ஒரு துண்டை எடுக்க வேண்டியும் வரும். கிட்னி பத்திரமாக வெளியே வந்துவிடும். ஆனால் வலி வாரக்கணக்கில் நீடிக்கும். சிலருக்கு அந்த இடம் மரத்துப்போகும், புடைத்தும் தெரியும்.

1995-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ராட்னர், கவூசி என்ற மருத்துவர்கள் முதன்முதலாக லேப்ராஸ்கோப்பியில் தானக் கிட்னியை எடுத்தார்கள். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு நிரப்பி, மூன்று நான்கு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் விட்டுக் கிட்னியைப் பிரித்தெடுக்கிறோம். பிறகு சிசேரியன் தழும்பு விழும் இடத்தில் 6 முதல் 8 செ.மீ. கீறி வெளியே எடுக்கிறோம். பெரும்பாலானவர்கள் மறுநாளே எழுந்து நடக்கிறார்கள், மூன்று நான்கு நாளில் வீட்டுக்குப் போகிறார்கள். தோள்பட்டை வலித்தால் பதற வேண்டாம். உள்ளே நிரப்பிய வாயுவால் வருவது, தானே போய்விடும். ரோபோ முறையும் இதே வழிதான். கருவியை இயக்குவது சர்ஜன்தான்.

"சின்னத் துளைல எடுத்தா அவனுக்குக் கிட்னி ஒழுங்கா வேலை செய்யுமா?" என்றும் கேட்கிறார்கள். செய்யும். அதில் இரு முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இடது கிட்னியின் சிரை (கிட்னியிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்) நீளமானது, மகனின் உடம்பில் தைக்க வசதி. அதனால் வழக்கமாக இடதையே எடுப்போம். ஆனால் பரிசோதனையில் இரண்டில் ஒன்று கொஞ்சம் மட்டமாகத் தெரிந்தால், நல்லது கொடுப்பவரிடமே இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டோம், அந்த அம்மாவே "நல்லத அவனுக்குக் குடுங்க" என்று கெஞ்சினாலும்.

ரத்தக்கசிவு போல ஏதாவது வந்தால் பாதியில் பெரிய கீறலுக்கு மாற நேரிடலாம். அப்படி மாறுவது கொடுப்பவரின் பாதுகாப்புக்காகத்தான். ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 1994 முதல் 2009 வரை கிட்னி கொடுத்த 80,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்ததில், முதல் 90 நாளில் இறந்தவர்கள் 10,000-க்கு 3 பேர். சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் கையெழுத்துப் போடும் முன் அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு உண்மையான கவலை வீட்டுக்குப் போன பிறகுதான். வெளியே தழும்பு சிறிதாக இருப்பதால், உள்ளே நடந்ததும் சிறிது என்று குடும்பம் நினைத்துவிடுகிறது. மகனுக்குத் தனி அறை, தனிச் சாப்பாடு. அம்மா பத்தாம் நாளே தண்ணீர்க்குடம் தூக்குகிறார். ஆறு வாரத்துக்குக் குடமோ வாழைத்தாரோ நெல்மூட்டையோ தூக்கக் கூடாது. தூக்கினால் கீறிய இடத்தில் குடலிறக்கம் வரலாம். மடியில் சுளகை வைத்துக் குனிந்து பீடி சுற்றினால் அடிவயிற்றுக் காயம் அழுந்தும், அதனால் காயம் ஆறிய பின் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

அப்புறம், வருடம் ஒருமுறை ரத்த அழுத்தம், கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீரில் புரதம் மூன்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும். மூட்டுவலி என்று மெடிக்கலில் தானாக மாத்திரை வாங்கிப் போடக் கூடாது; பல வலி மாத்திரைகள் கிட்னியைப் பாதிக்கும். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் "எனக்கு ஒரு கிட்னிதான்" என்று சொல்லச் சொல்லுங்கள்.