ரெக்கார்டைப் பார்க்காமல் விலை போடாதீர்கள்

போன வாரம் ஓர் அண்ணனும் தங்கையும் என் பழைய ரெக்கார்டுக் கடைக்கு வந்தார்கள். அப்பா விட்டுப்போன இசைத்தட்டுகள் நானூற்றுச் சொச்சம். அண்ணன் கையில் ஒரு நோட்டு. ஒவ்வொரு தட்டையும், இணையத்தில் ரெக்கார்டு வாங்கி விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் தேடி, கண்ணில் பட்ட பெரிய தொகையை எழுதி, கூட்டிப் பார்த்தால் பதினொரு லட்சம். அதை வைத்தே பாகம் பேசி முடித்துவிட்டார்கள்: தட்டுகள் தங்கைக்கு, ஊரில் இருக்கும் மனை அண்ணனுக்கு. பெட்டிகளைத் திறந்து இரண்டு மணி நேரம் பார்த்தேன். என்னால் சொல்ல முடிந்தது எழுபதாயிரம். அந்தத் தங்கை எதுவும் பேசவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

இந்த வருடம் இப்படி வந்த ஐந்தாவது குடும்பம் இது. மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

விலைக் கையேடுகள்மேல் எனக்குக் கோபமில்லை, நானும் தினமும் புரட்டுகிறேன். ஆனால் அதில் உள்ள தொகை எந்த நிலையில் உள்ள தட்டுக்கு என்று யாரும் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் கோல்ட்மைன் கையேட்டில் தெரியும் பெரிய தொகை ‘நியர் மின்ட்’ தட்டுக்கு. அதாவது நேற்றுத்தான் கடையில் வாங்கியது போல இருக்க வேண்டும்: உறை மடங்கியிருக்கக் கூடாது, தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளில் பிளேயரின் கம்பி உரசிய தடம் இருக்கக் கூடாது. ஒரு படி இறங்கினால் ‘வெரி குட் ப்ளஸ்’, விலை பாதி. அடுத்து ‘வெரி குட்’, கால்வாசி. வெறும் ‘குட்’ என்றால் பத்து, பதினைந்து சதவீதம் தேறினால் பெரிது.

“வெரி குட் கண்டிஷன் சார், அப்பா பத்திரமா வச்சிருந்தார்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். கையேட்டுக் கணக்கில் வெரி குட் என்றால் பாட்டு சன்னமாக ஒலிக்கும் இடங்களில் கரகரப்பு கேட்கும் தட்டு! அப்பா பத்திரமாக வைத்திருந்தார், சரி. ஆசையாகப் போட்டும் கேட்டாரே. ஊசி ஓடிய தட்டு தேயத்தான் செய்யும். மைக் செட்காரர்கள் கைமாறி வந்த தட்டு என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்தப் பெட்டியிலிருந்து ஒரு எல்.பி.யை, அதாவது நெடுநேரம் ஓடும் பெரிய தட்டை, உருவி டியூப் லைட்டுக்கு அடியில் சாய்த்துக் காட்டினேன். ஓரத்திலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. சென்னை ஈரக்காற்றின் வேலை. உள்ளே தள்ளி ஒரு கீறல். தங்கையை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னேன், தட்டுப்பட்டது. நகத்துக்குத் தட்டுப்படுவது ஊசிக்கும் தட்டுப்படும். “இது ஒண்ணு மட்டும்தானா சார் இப்படி?” என்று கேட்டார். இன்னும் பத்து எடுத்துக் காட்டினேன்.

அப்புறம், எந்த அச்சு, அதாவது எங்கே, எப்போது அடித்த தட்டு என்று பாருங்கள். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவின் முதல் எல்.பி. ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ 1963இல் இங்கிலாந்தில் வந்தபோது கறுப்பு லேபிளில் பொன்னிற எழுத்து. சீக்கிரமே மஞ்சள் எழுத்துக்கு மாறியது. இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். லேபிளில் ஊர்ப் பெயர் டம்டம் என்று போட்டிருந்தால் கல்கத்தாவில் அடித்தது. அதற்கு லண்டன் விலையைப் பார்க்காதீர்கள். அதற்காக இந்திய அச்சு எல்லாம் மட்டம் என்றும் நினைக்க வேண்டாம். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய வகைத் தட்டு இங்கிலாந்தில் நின்றுபோன பிறகும் இங்கே பீட்டில்ஸ் பாட்டுகளை 78இல் போட்டார்கள். அவற்றை உலகம் முழுவதும் தேடுகிறார்கள். அப்படிப்பட்ட தட்டைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டவரையும் எனக்குத் தெரியும்.

தளத்தில் ஒருவர் எட்டாயிரம் கேட்கிறார் என்றால் அந்த விலைக்கு இன்னும் யாரும் வாங்கவில்லை என்று அர்த்தம். விற்ற விலையைத் தனியே காட்டுகிறார்கள், அதில் நடுத்தர விலையை எடுங்கள், தட்டின் நிலைக்கு ஏற்பக் குறையுங்கள். தமிழ்ப் படத் தட்டுகளில் பலவற்றுக்கு விற்பனைக் கணக்கே ஒன்றிரண்டுதான் இருக்கும், அதை நம்பாதீர்கள். வியாபாரியிடம் கொடுத்தால் அதிலும் பாதிக்குக் கீழேதான் கிடைக்கும். நாங்கள் கழுவி, உறை மாற்றி, வாங்க ஆள் வரும்வரை வருடக்கணக்கில் வைத்திருக்கிறோம்.

லேபிள் எண்ணையும், பாட்டு முடிந்து லேபிளுக்கு முன் வரும் வெற்றிடத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளையும் குறித்துக்கொள்ளுங்கள். கிழிந்த உறையை எறியாதீர்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள். தேங்காயெண்ணெய் போட்டுத் துடைக்கவே துடைக்காதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். இரண்டு பேரிடமாவது நேரில் காட்டுங்கள். பாகம் பிரிப்பதாக இருந்தால் காட்டிய பிறகு பேசுங்கள்.

அந்த அண்ணன் வேண்டுமென்று செய்தவரில்லை. முகம் வாடிப்போய்த்தான் நின்றார். மனைப் பேச்சை மறுபடியும் எடுங்கள் என்று இருவரிடமும் சொல்லி அனுப்பினேன். பத்திரம் இன்னும் பதியவில்லையாம்.