அட்டைக்கும் ஒரு திசை உண்டு

பண்டிகை முடிந்த மறுநாள் வீட்டில் மிஞ்சுவது அட்டைப் பெட்டிகளும் பளபளக்கும் பரிசுத் தாள்களும்தான். பிள்ளைகள் அவற்றில் வீடு கட்டுவார்கள், ரோபோ செய்வார்கள். சற்று நேரத்தில் சுவர் மடிந்து விழும், ஒட்டியது பிய்ந்து வரும். குழந்தைக்குக் கைத்திறன் போதவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் அட்டையின் திசை பார்க்காமல் வெட்டியதுதான் காரணம்.

பெட்டியின் வெட்டு விளிம்பைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே நெளிநெளியாக ஒரு தாள் ஓடும். அட்டையின் பலமெல்லாம் அந்த நெளிவில் இருக்கிறது. அட்டை வளையும்போது ஒரு பக்கத் தாள் இழுபடும், மறுபக்கத் தாள் நெருக்குண்ணும். இரண்டும் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவுக்கு வளைப்பது கடினம். அவற்றை விலக்கிப் பிடித்திருப்பது நெளிதாள். நெளிவுகள் செங்குத்தாக நின்றால் வரிசையாக நட்ட குட்டித் தூண்கள்போல் பாரம் தாங்கும். படுத்துக் கிடந்தால் சுவர் சீக்கிரம் துவண்டுவிடும். ஆகவே பொம்மை வீட்டுச் சுவருக்கு நெளிவு நிமிர்ந்திருக்க வேண்டும். கூரைக்கு, மடிப்புக் கோடு நெளிவின் போக்கிலேயே போகட்டும். குறுக்கே மடித்துத்தான் ஆக வேண்டுமென்றால், மை தீர்ந்த பேனாவால் கோட்டை முதலில் அழுத்தி இழுத்து நெளிவை நசுக்கிவிடுங்கள். பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டிய வித்தை இதுதான் என்பேன்.

நெளிதாளுக்கு இங்கிலாந்தில் 1856இல் காப்புரிமை வாங்கியபோது யாரும் பெட்டியை நினைக்கவில்லை. உயரமான தொப்பிகளுக்கு உள்பட்டையாகத்தான் அது வந்தது. 1871இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் கண்ணாடிப் புட்டிகளைச் சுற்றிவைக்க அதைப் பயன்படுத்தினார். 1874இல் ஆலிவர் லாங் அதன்மேல் தட்டைத் தாளை ஒட்டிப் பலப்படுத்தினார்.

நெளிவே இல்லாத மெல்லிய அட்டைக்கும் திசை உண்டு. ஆலையில் காகிதக் கூழ் ஓடும் போக்கிலேயே நார்கள் பெரும்பாலும் படிகின்றன. ஒரே அட்டையில் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று என இரண்டு பட்டைகளை ஒரே அளவில் வெட்டி, ஒரு முனையில் சேர்த்துப் பிடியுங்கள். ஒன்று விறைப்பாக நிற்கும், மற்றது தலை தொங்கும். விறைத்து நிற்பதில்தான் நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. ரோபோவின் கைக்கு அதுவே ஏற்றது.

ஒட்டாமல் போவதற்குக் காரணம் வேறு. வெள்ளைப் பசையின் ஈரம் நார்களுக்குள் இறங்கிக் காய்ந்தால்தான் பிடிப்பு கிடைக்கும். அச்சடித்த வழவழப்பான பக்கத்தில் பூச்சு அதைத் தடுக்கிறது. பெட்டியைப் பிரித்து உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினால் பசையும் பிடிக்கும், வண்ணமும் ஏறும். பரிசுத் தாளைக் கையில் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடியே கிடந்தால் பெரும்பாலும் அது காகிதம். தானே விரிந்தால் பிளாஸ்டிக் கலந்தது. அதற்குப் பசை வேண்டாம், நூலால் கட்டுங்கள்.