அப்பாவின் சிரிப்பு அழிந்துபோகும் முன்

கலகலப்பான ஒருவர் இறந்துவிட்டால், வீட்டில் மாட்டுவது பெரும்பாலும் விறைத்த முகத்தோடு ஒரு படம்தான். ஏதோ அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கி மாலை போட்டிருப்பார்கள். தெருவையே சிரிக்க வைத்த மனிதரை அதில் தேடினாலும் கிடைக்க மாட்டார். அவர் குரலில் இருக்கிறார், பேரப்பிள்ளைகளுக்கு வைத்த பட்டப்பெயரில் இருக்கிறார். பழைய ஒலி, ஒளிப்பதிவுகளை மீட்டுத் தரும் எங்களைப் போன்றவர்களிடம் குடும்பங்கள் வருவது பெரும்பாலும் முதல் ஆண்டுத் திதி நெருங்கும்போதுதான். அதற்குள் பாதி போயிருக்கும்.

போவதற்கு முதல் காரணம் போன். காரியம் முடிந்த கையோடு அதை ஃபேக்டரி ரீசெட் செய்து, அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து, பேரனிடம் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாத வீடுகளிலும் சிம்மால் வரும் சிக்கல் இருக்கிறது. ப்ரீபெய்ட் எண் 90 நாள் பயன்படாமல் கிடந்தால் முடக்கப்பட்டு, பிறகு வேறொருவர் கைக்குப் போகலாம். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் இணையத் தொடர்பு இல்லாமல் இருந்தால் நீக்கப்படும். எல்லாவற்றையும் எடுத்து முடிக்கும்வரை எண்ணை ரீசார்ஜ் செய்து வையுங்கள். போனின் பின் நம்பர் தெரியாவிட்டால் பிறந்த தேதி, வண்டி எண் என்று ஊகித்து அடிக்க வேண்டாம். தவறுகள் கூடினால் ஐபோன் பூட்டிக்கொள்ளும், பிறகு உள்ளே இருப்பதை அழித்தால்தான் திறக்கும். வீட்டில் வேறு யாருடைய கைரேகையாவது அதில் பதிந்திருந்தால் சார்ஜ் இறங்கி அணைய விடாதீர்கள். மறுபடி இயக்கும்போது கைரேகை செல்லாது, பின் நம்பரைத்தான் கேட்கும்.

ஆண்ட்ராய்டு போனில் ஃபைல் மேனேஜரைத் திறந்து, வாட்ஸ்அப்பின் மீடியா ஃபோல்டருக்குள் 'வாய்ஸ் நோட்ஸ்' ஃபோல்டரைத் தேடுங்கள். அதை முழுதாகக் கணினிக்கு நகலெடுங்கள். ஓபஸ் என்ற வகை ஒலிக்கோப்புகள் என்பதால் சில பிளேயர்கள் திணறும், விஎல்சி என்ற பிளேயரில் ஓடும். அவர் அனுப்பிய வாய்ஸ் நோட் வாங்கியவர்கள் போனிலும் இருக்கும். மகளிடம் மட்டும் கேட்டு நிறுத்தாமல், சீட்டாட்டக் கூட்டாளிகளிடமும் கேளுங்கள். வீட்டுக்கு வராத கிண்டலெல்லாம் அங்கேதான் போயிருக்கும். வீடியோவை வாங்கும்போது 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கித் தரம் குறையும்.

பரணில் கேசட் இருந்தால் உடனே டெக்கில் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே கூடாது. அது டெக்கில் நாடாவைப் படிக்கும் பாகமான ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தமாக இருந்தால், மேல் விளிம்பின் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளையும் முதலில் உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்ட் பட்டன் அழுந்தினாலும் குரல் அழியாது. குரல் மந்தமாகக் கேட்டால் நாடா கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சுப்பட்டை விழுந்திருக்கலாம், ஹெட்டின் கோணம் விலகியிருக்கலாம். இரண்டையும் சரிசெய்யலாம். 60 நிமிட கேசட்டை மாற்ற 60 நிமிடம் ஆகும், வேகமாக ஓட்டிப் பதிந்தால் தரம் போகும். மாற்றித் தருபவரிடம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில், சுருக்காத வேவ் கோப்பாகத் தரச் சொல்லுங்கள். ஸ்டீரியோவில் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி வரும். சுருக்கிய எம்பி3 மட்டும் கொடுத்தால் வாங்காதீர்கள்.

அடுத்து நடக்கும் தவறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 'இரைச்சலை நீக்கித் தருகிறோம்' என்று சொல்லும் தானியங்கிச் செயலிகளில் பல, பேச்சை மட்டும் அடையாளம் காணப் பழக்கப்பட்டவை. அதனால் சிரிப்பு, கைதட்டல், சீழ்க்கை, பின்னால் குழந்தைகள் போடும் கூச்சல் ஆகியவற்றை இரைச்சல் என்று வெட்டித் தள்ளிவிடும். சொற்கள் பளிச்சென்று கேட்கும், ஆனால் ஜோக்குக்கு யாருமே சிரிக்காதது போல இருக்கும். கலகலப்பான தாத்தாவின் பதிவில் வெட்டக் கூடாதது அந்தச் சத்தம்தான். மூலப் பதிவைத் தொடாமல் தனியே வைத்துக்கொண்டு நகலில் மட்டும் கைவையுங்கள்.

பதிவே இல்லாத குடும்பங்களும் உண்டு. பதினாறாம் நாள் உறவும் நட்பும் ஒரே கூரையின் கீழ் கூடும்போது, மின்விசிறி இல்லாத ஓர் அறையில் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துப் போனில் பதியுங்கள். போன் ஃப்ளைட் மோடில், பேசுபவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். 'அவரைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டால் 'தங்கமான மனுஷன்' என்பதோடு நின்றுவிடும். 'சீட்டில் எப்படி ஏமாற்றுவார்?', 'உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார்?' என்று கேளுங்கள். பேரப்பிள்ளைகளை அவர் மாதிரியே பேசிக் காட்டச் சொல்லுங்கள். இழவு வீட்டில் இதெல்லாமா என்று ஒரு பெரியவர் முணுமுணுக்கலாம். முதலில் அவரையே உட்காரவையுங்கள், அவரிடம்தான் பழைய கதைகள் இருக்கும்.

கோப்புகளுக்கு ஆண்டு, இடம், பேசுபவர் பெயர் வையுங்கள். ஜோக் எதற்காகச் சொல்லப்பட்டது என்று இரண்டு வரி எழுதிச் சேருங்கள், இல்லாவிட்டால் இருபது வருடத்தில் யாருக்கும் விளங்காது. பென்டிரைவில் மட்டும் வைத்துப் பீரோவில் பூட்ட வேண்டாம், மின்சாரம் படாமல் பல ஆண்டு கிடந்தால் அதிலுள்ளது அழியலாம். இரண்டு ஹார்டு டிஸ்க், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கும் பிள்ளை வீட்டில், கூடவே ஒரு கிளவுட் நகல். ஆண்டுத் திதியன்று மூன்றையும் திறந்து ஓடுகிறதா என்று பாருங்கள்.