டிசிக்காகக் குழந்தையை வீட்டில் உட்கார வைக்காதீர்கள்

சென்ற வாரம் ஒரு தாய் தன் மகளுடன் என் அலுவலகத்துக்கு வந்தார். ஆறாம் வகுப்பில் இருக்க வேண்டிய பெண். ஜூன் மாதத்திலிருந்து வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முன்பு படித்த தனியார் பள்ளியில் கட்டண பாக்கி இருப்பதால் மாற்றுச் சான்றிதழ் (டிசி) தரவில்லை. அருகிலுள்ள அரசுப் பள்ளியிலோ, "டிசி கொண்டுவாருங்கள், உடனே சேர்த்துக்கொள்கிறோம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாய் என்னிடம் சட்டம் கேட்க வரவில்லை. தண்டலுக்குப் பணம் வாங்கிக் கட்டிவிடுகிறேன், பாக்கியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும்படி பள்ளியில் பேசிப் பாருங்கள் மேடம் என்றார்.

இந்த ஆண்டில் இப்படி வந்த ஏழாவது குடும்பம் இது. எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

டிசி இல்லாமல் பள்ளியில் சேர்க்க முடியாது என்று இவர்களுக்கெல்லாம் யார் சொன்னது? சட்டம் சொல்வது நேர் எதிரானது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 5ஆம் பிரிவு: தலைமை ஆசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே வழங்க வேண்டும், அது வரத் தாமதமானால், அதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது, தள்ளிப்போடவும் கூடாது. இழுத்தடிக்கும் தலைமை ஆசிரியர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1 அன்று. இன்னமும் இதை நான் பள்ளி அலுவலகங்களில் நின்று வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

"பாக்கி வைத்திருப்பது உண்மைதானே மேடம்" என்று தலைகுனிந்து சொல்வார்கள். உண்மைதான். அது பெற்றோருக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான கடன். அதை வசூலிக்க உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. கடனுக்கு ஈடாகப் பிள்ளையின் படிப்பைப் பிடித்துவைக்க யாருக்கும் உரிமை இல்லை. கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியாக டிசியைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. பாக்கி விவரத்தை டிசியில் எழுதி அனுப்புவதும் தவறு. பெற்றோர் பணம் கட்டாததற்குக் குழந்தையை அவமானப்படுத்துவது மன உளைச்சல் தருவதாகும் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

எல்லோரும் செய்யும் பிழை ஒன்றுதான். பழைய பள்ளியின் வாசலில் நின்று மன்றாடுகிறார்கள். சண்டை போட வேண்டிய இடம் அதுவல்ல. புதிய பள்ளிக்குப் போங்கள். 5ஆம் பிரிவைக் குறிப்பிட்டுச் சேர்க்கை கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள், நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்), ஒப்புகையுடன் அனுப்புங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டுவிட்டு வந்து "மறுத்துவிட்டார்கள்" என்றால் நான் எதை வைத்து வாதாடுவது?

இப்போதெல்லாம் "எமிஸில் (கல்வித் துறையின் மாணவர் விவரக் கணினிப் பதிவு) பழைய பள்ளி விடுவிக்கவில்லை" என்பது புதுச் சாக்கு. அந்தக் கணினிக் கணக்கைப் பள்ளிகளும் கல்வித் துறையும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். அதுவரை குழந்தை வகுப்பில் உட்காரலாம். பிறப்புச் சான்றிதழ் இல்லையா? வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் மறுக்கக் கூடாது, 14ஆம் பிரிவு. சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டதா? அதற்காகவும் மறுக்கக் கூடாது, 15ஆம் பிரிவு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த இடமாற்ற உரிமை அரசுப் பள்ளிகளுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும்தான். இன்னொரு சுயநிதிப் பள்ளியில் இதை வைத்து இடம் கேட்க முடியாது. வயது வரம்பும் உண்டு: 6 முதல் 14, எட்டாம் வகுப்பு வரை. அதற்கு மேல் படிக்கும் பிள்ளைகளுக்கு உயர்நீதிமன்றத் தீர்ப்பைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

புகார் கொடுக்கவும் வழி இருக்கிறது. 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மூன்று மாதம்! அதனால்தான் முதலில் சேர்க்கை, பிறகு புகார் என்கிறேன். மாவட்டக் கல்வி அலுவலருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். எழுதத் தெரியாதவர்கள் கல்வித் துறையின் 14417 எண்ணை அழைக்கலாம், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போகலாம். அங்கே கட்டணம் கிடையாது.

அரசுப் பள்ளி தலைமை ஆசிரியர்களே, உங்களிடம் கோபமில்லை, ஒரு வேண்டுகோள். டிசி இல்லாமல் வந்து நிற்கும் தாயிடம் "போய் வாங்கி வாருங்கள்" என்று சொல்லாதீர்கள். அவர் உங்கள் வாசலிலிருந்து நேராகத் தண்டல்காரரிடம்தான் போகிறார்.