மெதுவாகக் கொல்லும் கறையான் மருந்து

கோவையிலும் பொள்ளாச்சியிலும் தென்னந்தோப்பை அழித்து மனையாக்கிய இடங்களில், தோண்டி எடுக்காத வேர்க்கட்டைகள் தரைக்கடியிலேயே கிடப்பதால், குடியேறிய சில ஆண்டுகளிலேயே நிலைக்காலில் 'செல் பிடித்துவிட்டது' என்ற பேச்சு எழுவதுண்டு. நிலையையொட்டி ஏறும் மண்தடத்தை நகத்தால் ஒரு விரற்கடை பெயர்த்தால், வெளிறிய வேலைக்காரக் கறையான்கள் சிதறி ஓடும். தலை பெருத்த காவல் கறையான்கள் உடைப்பின் ஓரத்தில் வந்து நிற்கும். பெரும்பாலும் மறுநாள் காலையில் அந்த உடைப்பு ஈரமண்ணால் அடைபட்டிருக்கும்.

அதன்மேல் மண்ணெண்ணெய் ஊற்றினால் தடத்தில் இருந்தவை மட்டுமே சாகும். ராணியும் குஞ்சுகளும் வாழும் புற்று பக்கத்து வீட்டு வளாகத்தில்கூட இருக்கலாம். சுவரோரம் துளையிட்டு மருந்து செலுத்துவதும் பெரும்பாலும் மண்ணில் வேலி போடும் வேலைதான்.

பெய்ட் எனப்படும் இரைமருந்து புற்றையே குறிவைக்கிறது. மரக்கூழ் போன்ற செல்லுலோஸ் இரையில் ஹெக்ஸாஃப்ளுமுரான், குளோர்ஃப்ளுவசுரான் போன்ற மருந்தைச் சிறிதளவு கலக்கிறார்கள். இவை நரம்பைத் தாக்கும் நஞ்சுகள் அல்ல. பூச்சி தோலுரிக்கும்போது புதுத் தோலுக்குத் தேவையான கைட்டின் உருவாவதைத் தடுப்பவை. தின்ற இடத்திலேயே கறையான்கள் செத்து விழுந்தால் மற்றவை அந்த வழியை அடைத்துவிடும் என்பதால், மருந்தின் மந்தமே அதன் பலம். தின்றவை கூட்டுக்குத் திரும்பி, வாய்க்கு வாய் உணவைப் பகிர்ந்து, நஞ்சை எங்கும் பரப்பப் போதிய அவகாசம் கிடைக்கிறது. ஃப்ளோரிடாவில் நான்-யாவ் சூ என்ற பூச்சியியலாளர் செய்த ஆய்வுகளின் வழியே உருவான இம்முறை, 1995இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. இங்கு பரவலாகக் காணப்படும் ஓடன்டோடெர்மிஸ் இனங்கள் புற்றுக்குள் பூஞ்சை வளர்ப்பவை. மழைக்குப் பின் புற்றில் முளைக்கும் காளானைப் பறித்துக் குழம்பு வைக்கிறோமே, அதே பூஞ்சைதான். இவ்வினங்களின் வளர்ந்த வேலைக்காரர்கள் தோலுரிப்பதில்லை. தின்ற மரத்தைப் பூஞ்சைத் தோட்டத்தில் கழிவாக இடுகின்றன. ஆகவே மருந்து, தோலுரித்து வளரும் குஞ்சுகளையே தாக்கும். மூத்தவை முடிந்தபின் வேலைக்கு ஆள் இராது. அதனால் பலன் தெரியப் பல மாதங்கள் ஆகலாம். இனத்தைப் பார்க்காமலே நாள் குறித்து உறுதி தருபவரை நான் நம்பமாட்டேன்.

வீட்டைச் சுற்றி ஏறத்தாழ மூன்று மீட்டருக்கு ஒன்றாக இரைப்பெட்டிகளைப் புதைப்பார்கள். முற்றமெல்லாம் சிமென்ட் போட்ட வீட்டில் உயிருள்ள மண்தடத்தின் மீதே பெட்டியைப் பொருத்தலாம். கோடையில் இரை காய்ந்துவிடாமல் ஈரம் காக்க வேண்டும். அருகில் வேறு பூச்சிமருந்து தெளிக்கவே கூடாது. புற்று நலியும்போது, பெட்டியைத் திறந்தால் வேலைக்காரர்கள் அருகி, தாமாகத் தின்ன இயலாத காவல் கறையான்களே மிகுந்திருக்கும்.