மண்டபத்துச் சோறும் மாட்டு வயிறும்

முகூர்த்த நாளுக்கோ பொங்கலுக்கோ மறுநாள், "சோறு தின்ன மாடு எந்திரிக்க மாட்டேங்குது டாக்டர்" என்ற அழைப்பு கால்நடை மருத்துவர்களுக்குத் தவறாமல் வரும். வீணாகப் போகிறதே, வாயில்லா ஜீவன் தின்னட்டும் என்று நல்ல மனசோடு வைத்த சோறுதான் அது.

பெரிய வாளி ஒன்றில் 15 கிலோ சோறு பிடிக்கும். அரிசிக் கணக்கில் சுமார் 5 கிலோ. அவ்வளவு அரிசியை யாரும் மாட்டுக்குக் கொட்டுவதில்லை. சோறானதும் கணக்கு மறந்துவிடுகிறது. வெந்த மாவுச்சத்து, தின்றது முதலில் போய்த் தங்கும் அசையூண் வயிற்றில் வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலமாகிறது. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு குறையக் குறையப் புளிப்பு கூடுகிறது என்று அர்த்தம்; 6-க்கு மேல் இருக்க வேண்டிய அது 5-க்கும் கீழே இறங்கும். உடம்பின் நீரையெல்லாம் வயிறு இழுத்துக்கொள்ள, மாடு நீர்வற்றித் தள்ளாடும்.

இடது விலாவுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் உள்ளங்கையை அழுத்தி வையுங்கள். நல்ல மாடென்றால் 2 நிமிடத்தில் 2, 3 முறை உள்ளே உருண்டு வருவது கைக்குத் தெரியும். அந்த அசைவு இல்லை, அசை போடவில்லை, சாணம் புளித்த வாடையோடு தண்ணீராகப் போகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவரையோ 1962 கால்நடை ஆம்புலன்ஸையோ அழையுங்கள். அதுவரை, நிற்கிற மாட்டுக்கு மட்டும், 100 முதல் 150 கிராம் சமையல் சோடாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டலாம். தலையை அண்ணாந்து பிடித்து நாக்கை இழுத்து ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். படுத்துவிட்ட மாட்டின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

சோறு தீவனமே ஆகாது என்பதில்லை. வைக்கோல் தின்ற பிறகு, அரை கிலோவில் தொடங்கி, தவிட்டோடு பிசைந்து வையுங்கள். நாளுக்கு ஒரு கிலோவைத் தாண்ட வேண்டாம். மீதியைத் தார்ப்பாயில் பரப்பி, அள்ளினால் கலகலக்கும் வரை காயவைக்கலாம். காய்ந்தபின் 300 கிராம் என்பது ஒரு கிலோ சோற்றுக்குச் சமம், மறக்க வேண்டாம். பூசணம் பிடித்தது குப்பைக்குழிக்கே போகட்டும். அந்த நஞ்சு பாலிலும் இறங்கும். கறி, எலும்பு மாட்டுக்கு ஆகவே ஆகாது.

பன்றிக்கு ஓட்டல் மிச்சம் நல்ல தீவனம், கொதிக்க வைத்தால். 2001-ல் பிரிட்டனில் கோமாரி பரவியதற்கு, வேகவைக்காத எச்சில் உணவு போட்ட ஒரு பன்றிப் பண்ணையே தொடக்கம் என்று விசாரணையில் தெரிந்தது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். கொதி வந்த பிறகு 30 நிமிடம், அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே வேகவையுங்கள். பச்சைக் கழிவு வந்த வாளியிலேயே வெந்ததை மொண்டு ஊற்றினால் எரித்த விறகு வீண். அதற்கென்று தனி வாளி வையுங்கள்.